பாதுகாவலரின் முத்திரை

குவைத்தில் குடியிருப்பு அனுமதிக்கு எண்கள் உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு 18. வீட்டு வேலைக்கு வருபவருக்கு 20. தமிழ்நாட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் கோதாவரி மாவட்டங்களிலிருந்தும் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வாழ்க்கை அந்த இருபதுக்குள் அடங்கியது. 1959ஆம் ஆண்டின் அயலார் குடியிருப்புச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த ஏற்பாட்டில், வேலைக்கு வந்தவர் அங்கே இருப்பதே ஒரு முதலாளியின் பொறுப்பில் கட்டப்பட்டது. அந்தப் பொறுப்பாளர்தான் கஃபீல். அவர் கைவிட்டால், இருப்பதே குற்றம்.

விசா விற்பனை பிறந்தது இந்த முடிச்சில்தான். தேவைக்கு மேல் ஆட்களைக் கேட்டு அனுமதி வாங்குவது, தலைக்கு இவ்வளவு என்று விற்பது. 'ஃப்ரீ விசா' என்று அதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, நகைச்சுவை உணர்வுள்ளவர். வட்டிக்குக் கடன் வாங்கி அதை வாங்கிய ஆண், வெளியே நாலு இடம் அலைந்து வேலை தேடலாம். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த அலைச்சல்கூட வாய்க்காது. சம்பளம் தராத, கைநீட்டி அடிக்கிற வீட்டைவிட்டு அவள் வெளியேறினால், 'ஓடிப்போய்விட்டாள்' என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் போதும். அடிபட்டவள் சட்டத்தை மீறியவளாகிவிடுவாள். அதன் பிறகு நடக்கும் தேடுதல் வேட்டைகளில் பிடிபடுகிறவள் அவள்தான்.

2015இல் வந்த 68ஆம் எண் சட்டம், நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்றது. வளைகுடாவில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் கஃபீலின் பிடி தளரவில்லை. 2018 ஜனவரியில் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தது. பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்கள் அவுட்பாஸுக்காகத் தூதரகத்தை நாடினார்கள். மன்னிக்கப்பட்டது அபராதம், அவர்களுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி பற்றி அதில் பேச்சில்லை. அடுத்த மாதமே, பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் உடல் ஆளில்லாத குடியிருப்பொன்றின் உறைபதனப் பெட்டியில் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் அரசு குவைத்துக்குத் தன் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது.

ஆபத்து வந்தால் பெண்ணின் பயணத்தை நிறுத்துவது அனுப்பும் நாடுகளுக்குப் பழகிப்போன மருந்து. இந்தியா வயதுவரம்பு போட்டது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவில் வேலைக்குச் செல்லக் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற அதிகாரியின் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு முப்பது வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். இருபத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு கைவிடப்பட்டவள் ஐந்து வருடம் பசியைத் தள்ளிப்போட முடியுமா? அவளுக்கு ஏஜெண்ட் வேறு வழி காட்டினார்: சுற்றுலா விசாவில் துபாய், அங்கிருந்து அடுத்த நாடு. எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லை. பாதுகாக்கப் போட்ட விதியே ஏஜெண்டின் விலையை உயர்த்தியது.

படித்த பெண்கள் தப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. 2015இல் கேரளத்தில் வெடித்த வழக்கு குவைத் சுகாதாரத் துறைக்குச் செவிலியர்களை அனுப்பியது பற்றியது. சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 19,500 ரூபாய்; ஒவ்வொருவரிடமும் வாங்கியதோ ஏறத்தாழ 20 லட்சம் என்பது குற்றச்சாட்டு. மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம்சாட்டியவர்களில் ஒருவர் கொச்சியின் குடிபெயர்வோர் பாதுகாவலர். பதவியின் பெயரை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டே, செவிலியர்கள் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே செல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்தப் பக்கமும் கைகள் சுத்தமில்லை. வங்கதேச நாடாளுமன்ற உறுப்பினர் காஜி ஷாகித் இஸ்லாம் 2020 ஜூனில் குவைத்தில் கைதானார். பணம் வாங்கித் தொழிலாளர்களைக் கொண்டுவந்ததும் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததும் வழக்கு. 2021 ஜனவரியில் அவருக்கு நான்காண்டு சிறை. குவைத் உள்துறையின் உயரதிகாரி ஒருவரும் தண்டிக்கப்பட்டார்.

2025 ஜனவரியில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் போய்ப் புதியது வந்தது. விசா விற்பவருக்கு மூன்று முதல் ஐந்தாண்டு சிறையும் 10,000 தினார் வரை அபராதமும் உண்டு. வேலைக்கு வராமல் போனவரைப் பற்றி முதலாளி அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்ற கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.