ஒளி படித்த குடல்

பொருளிலிருந்து வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, அந்தப் பொருள் எதனால் ஆனது என்று சொல்வது நிறமாலையியல். நலமான மனிதக் குடலின் உட்சுவரை இம்முறையில் அளக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆனால் இந்த அறிவின் வேர்களில் இரண்டு தேனி அல்லிநகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வடக்கே மலைமேல் கொடைக்கானல் வானாய்வகம். தென்கிழக்கே வருசநாட்டு மலைக்கு அப்பால் வத்திராயிருப்பு.

கொடைக்கானலில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைப் படம் பிடித்தார். நிறமாலைக் கோடுகள் சற்றே விலகியிருந்ததை வைத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டறிந்தார். கையெட்டாத இடத்து நிலவரத்தை ஒளியே சொல்லிவிட்டது.

வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் சி. வி. ராமனோடு சேர்ந்து 1928-இல் திரவங்களை ஆராய்ந்தார். முதலில் அவர்கள் பயன்படுத்தியவை வெயிலும் வண்ண வடிகட்டிகளும்தான். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, ஏறத்தாழ கோடியில் ஒன்று, நிறம் மாறி வருகிறது; அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். இதுவே ராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கைப் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இவ்வளவு மங்கிய ஒளியைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்க 1960-இல் பிறந்த லேசர் வேண்டியிருந்தது. உடலுக்குள் ஒளியைக் கொண்டுபோகும் வழியைக் கண்ணாடி இழை தந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆய்வு வழிகாட்டி ஹாப்கின்ஸும் 1954-இல் இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினர். சில ஆண்டுகளில் வளையும் எண்டோஸ்கோப் வந்தது. திசு தானாகவே ஒளிர்வதைக் கொண்டு புற்றைப் பிரித்தறியலாம் என்று நியூயார்க்கில் ஆல்ஃபானோ குழு 1984-இல் காட்டியது. 1990-இல் பெருங்குடலிலும் அது சோதிக்கப்பட்டது.

நலமான பெருங்குடலின் சளிச்சவ்வு சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. புற ஊதா ஒளி பட்டால் அதன் அடியிலுள்ள கொலாஜன் நீலமாக ஒளிரும். செல்களிலுள்ள என்ஏடிஎச் என்ற மூலக்கூறு 460 நானோமீட்டர் அருகே ஒளிரும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் 415, 540, 575 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். கட்டி தோன்றினால் சவ்வு தடித்துக் கொலாஜனின் ஒளியை மறைக்கிறது, ரத்தமும் கூடுகிறது. ஒளிர்வு மங்குவது இதனால்தான். ராமன் நிறமாலையில் அலையெண் 1004 ஃபினைல்அலனினையும், 1655 புரதச் சங்கிலியையும் காட்டும்.

நலமான திசுவை அளப்பதும் எளிதல்ல. குடலில் இடத்துக்கு இடம் அளவீடு மாறும். கருவியின் முனையைச் சற்று அழுத்தினாலே ரத்தம் விலகி நிறமாலை வேறாகும்; வெட்டியெடுத்த துண்டில் ஆக்சிஜனும் குறைந்துவிடும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைக்காவிட்டால் எந்த மாற்றத்தையும் நோய் என்று சொல்ல முடியாது. இன்றும் குடல் புற்றை உறுதிசெய்வது நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் திசுத் துண்டுதான்.