திறவுகோலின் மறுபிரதி

அரசுக் கருவூலத்தின் காப்பறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. இரண்டின் திறவுகோல்களும் ஒருவரிடத்தே இரா. இருவரும் ஒருங்கு வந்தாலன்றிக் கதவு திறவாது. ஆயினும், ஒரு திறவுகோல் தொலைந்துபோனால் என் செய்வது? அதனை எண்ணியே மாற்றுத் திறவுகோல்களை முத்திரையிட்டு வேறோரிடத்தில் வைக்கும் வழக்கத்தையும் முன்னோர் ஏற்படுத்தினர். பூட்டியவர்கள் இழப்புக்கும் வழி கண்டிருந்தனர். கணிப்பொறி உலகிலும் இத்தகைய பூட்டு ஒன்று பிறந்தது; மாற்றுத் திறவுகோலைத்தான் அவ்வுலகம் மறந்துவிட்டது.

1980ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், கொமடோர் பெட் என்னும் சிறு கணிப்பொறிக்காக ‘வேர்டுகிராஃப்ட்’ என்ற எழுத்தமைப்பு மென்பொருள் வெளிவந்தது. அதனை எவரும் எளிதில் படியெடுத்துவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. ஆகவே, ஒலிநாடாப் பெட்டியை இணைக்கும் துளையிற் செருகத்தக்க சிறு கருவி ஒன்றை உடன் அளித்தனர். அது செருகப்பட்டிருந்தால் மென்பொருள் இயங்கும், இன்றேல் இயங்காது. இத்தகைய கருவிக்கு ‘டாங்கிள்’ என்று பெயர் வழங்கலாயிற்று. டான் கால் என்பவர் கண்டுபிடித்ததால் வந்த பெயர் என்று பிற்காலத்தில் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. அது வெறுங்கற்பனையே, அப்படியொருவர் இருந்ததில்லை.

பின்னர் இக்கருவி, அச்சுப்பொறியை இணைக்கும் இருபத்தைந்து ஊசித் துளைக்கு இடம் மாறியது. வரைபடம், அச்சுக்கோப்பு முதலிய விலைமிகுந்த மென்பொருள்கள் பலவும் இதனையே நம்பின. அமெரிக்காவின் ரெயின்போ, இஸ்ரேலின் அலாடின் ஆகிய நிறுவனங்கள் இத்தொழிலிற் பெயர் பெற்றன. உழைத்து உருவாக்கியவன் தன் உழைப்பின் பயனைக் காக்க விரும்பியதில் குற்றம் ஏதுமில்லை.

காலம் நின்றுவிடவில்லை. புதிய கணிப்பொறிகளில் அந்த அச்சுப்பொறித் துளை மறைந்தது. ரெயின்போ 2004இல் சேஃப்நெட் என்னும் நிறுவனத்தோடு இணைந்தது. அலாடினும் பின்னர் அதனோடு சேர்ந்தது. அந்நிறுவனமோ கைமாறி, 2019இல் தேல்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. மென்பொருள் செய்த சிறு நிறுவனங்கள் பல இருந்த இடமே தெரியாமற் போயின. திறவுகோல் பழுதுற்றால் முறையிட ஆளில்லை.

இதன் துயரை நாமே கண்டோம். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், பல ஆண்டுகள் முயன்று தொகுத்த கலைச்சொற் பட்டியல் ஒன்று பழைய அச்சுக்கோப்பு மென்பொருளில் இருந்தது. கணிப்பொறியை மாற்றினர், டாங்கிளோ மேசையறையிற் கிடந்தது, செருகத் துளையில்லை. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள், நாமே எழுதிய சொற்கள். இருந்தும் நாம் வாயிலில் நின்றோம். முடிவில், அச்சிட்ட படியைப் பார்த்து முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்தோம். ஓரங்களில் பின்னர்ச் சேர்த்த குறிப்புகள் அப்படியில் இல்லை. அவை போனவை போனவையே.

இவ்விடருக்கு அறிஞர் கண்ட வழி, நம் மொழிபெயர்ப்புத் தொழிலையே ஒத்தது. டாங்கிளினுள் சிறு நினைவகம் உண்டு; உரிம எண், எப்பகுதிகளைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி ஆகியவை அதிற் பதிந்திருக்கும். கருவி உயிரோடிருக்கும்போதே அவற்றைப் படித்துக் கோப்பாக்குகின்றனர். அக்கோப்பைப் போலிக்கருவியாய் இயங்கும் நிரல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகின்றனர். பின்னர், மென்பொருள் கேட்கும் வினாக்களுக்கு டாங்கிளின் இடத்திலிருந்து அந்நிரலே விடையளிக்கிறது. இடையிலுள்ள மாற்றமே நுட்பமானது. ஓர் ஒழுங்கில் 12 34 என நிற்கும் எண், மற்றோர் ஒழுங்கில் 34 12 என நிற்கும். வலமிருந்து இடமாகச் செல்லும் உருதுவை இடமிருந்து படித்தால் என்னாகும்? அதுவே இங்கும் ஆகும். சில டாங்கிள்களில் விடை கணிக்கும் முறையே சில்லினுள் மறைந்திருக்கும். அங்கு நினைவகத்தைப் படிப்பது மட்டும் போதாது. சொற்கள் கிடைத்தும் இலக்கணம் கிடைக்காத நிலை அது.

இது திருட்டாகாதோ என்று நேயர்கள் வினவலாம். உரிமமின்றிச் செய்தால் திருட்டேயாம். சட்டமும் இவ்வேறுபாட்டை மெல்ல உணர்ந்தது. அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம் பூட்டை மீறுவதைத் தடுத்தது. ஆயினும் 2003, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில், பழுதுற்றதும் வழக்கொழிந்ததுமான டாங்கிள்களுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால், முறைப்படி பெற்றவர் இழப்புக்கும் அழிவுக்கும் காப்பாக மென்பொருளின் படி ஒன்றை எடுத்துக்கொள்ள இடமளித்தது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கத்தைத் தண்டிப்பதில்லை. பிறருக்கு இதில் உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்றும் பணிக்கிறது. கருவூலப் பதிவேட்டை நினைவூட்டும் நல்விதி இது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் நடத்தும் சங்கங்களிலும் அச்சகங்களிலும் பழைய மலர்களும் உறுப்பினர் ஏடுகளும் இத்தகைய மென்பொருள்களில் முடங்கிக் கிடக்கலாம். டாங்கிள் இன்னும் இயங்குமாயின் இன்றே அக்கோப்புகளைத் திறந்து, எங்கும் படிக்கத்தக்க பொது வடிவில் சேமித்தல் நன்று. உரிமச் சீட்டையும் உடன் பேணுதல் வேண்டும். செய்தவனின் உரிமையைக் காக்கவே பூட்டு எழுந்தது. எழுதியவனின் எழுத்தை அது சிறைப்படுத்துதல் முறையன்று.