ஆங்கிலச் செய்தித் தலைப்புக்களில் காலம்

முன்னாள் முடிந்த செயலை இன்று நிகழ்வதாகக் கூறுதல் ஆங்கிலச் செய்தித் தலைப்புக்களின் மரபாகும். செய்தியில் இறந்தகால முற்றாக வரும் வினையே தலைப்பில் நிகழ்காலம் பெறுகின்றது. இம்மரபின் இயல்பையும், வரலாறு ஆராய்வோர் அதனைக் கொள்ளுமாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட செய்தியை 1865 ஏப்ரல் 15-ஆம் நாள் வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ், 'கொடிய நிகழ்ச்சி' என்னும் பொருளுடைய பெயர்த்தொடரைத் தலைப்பாக்கியது. அதன்கீழ்ச் செயப்பாட்டு எச்சங்கள் நின்றனவேயன்றி முற்றுவினை இல்லை. காலத்தை 'நேற்றிரவு' என்னும் சொல்லே உணர்த்திற்று. 1912 ஏப்ரல் 15 விடியற்காலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. மறுநாள் அதே இதழ் 'டைட்டானிக் சிங்க்ஸ்', அஃதாவது 'மூழ்குகிறது', என நிகழ்கால முற்றால் தலைப்பிட்டது.

சுருக்கங் கருதியே இவ்வாறு எழுதினர் என்பது முழுதும் பொருந்தாது. 'சிங்க்ஸ்' என்பதன் இறந்தகால வடிவமாகிய 'சாங்க்', ஆங்கில எழுத்தில் அதனினும் ஓரெழுத்துக் குறைந்ததே. தலைப்பில் துணைவினை தொகும். எனவே 'டிபீட்டட்' என்னும் வடிவம் 'தோற்கடித்தார்' எனவும் 'தோற்கடிக்கப்பட்டார்' எனவும் இருபொருள் படும். நிகழ்கால வடிவிற்கு இம்மயக்கம் இல்லை. நிகழ்காலம் இறந்தகாலத்தின் இடத்தைக் கொள்ளவே, எதிர்காலத்தை 'டு' என்பதனோடு கூடிய வினையெச்சம் உணர்த்தலாயிற்று. விரைவு கருதி எதிர்வையும் நிகழ்வையும் இறந்தகாலத்தாற் கூறலாம் என்பது தொல்காப்பியர் விதி. ஆங்கிலத் தலைப்போ இறப்பை நிகழ்வாக்குகின்றது. விரைவு ஒன்றே; காலம் பிறழும் திசை வேறு.

இவ்விரைவின் இடர்ப்பாட்டை 1948 அமெரிக்கத் தேர்தல் காட்டும். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் சிகாகோ டிரிபியூன் முன்னதாகவே அச்சேற வேண்டியிருந்தது. முடிவுகள் தெளியுமுன் அச்சான நவம்பர் 3 முற்பதிப்பு, 'டியூயி டிபீட்ஸ் ட்ரூமன்', அஃதாவது 'ட்ரூமனை டியூயி தோற்கடிக்கிறார்', எனத் தலைப்பிட்டது. வென்றவரோ ட்ரூமன், அவர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 303, டியூயி பெற்றவை 189.

நிகழ்ந்த மூழ்கலும் நிகழாத வெற்றியும் ஒரே கால வடிவில் நிற்றலைக் காண்க. முடிந்ததையும் கருதியதையும் இவ்வடிவம் பிரித்துக் காட்டாது. ஆதலின் பழைய செய்தித்தாள்களைச் சான்றாகக் கொள்வோர், தலைப்பின் வினையை மட்டும் நம்பாது, பதிப்பு அச்சேறிய நேரத்தையும் செய்தியினுள் வரும் முற்றுக்களையும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். தலைப்பின் நிகழ்காலம் நிகழ்ச்சிக்குரிய காலமன்று. படிப்போன் முன் செய்தியை நிறுத்தும் காலமே என்பது எம் துணிபு.