எஞ்சின் எண்கள்

லண்டனில் ரயில்வே அலுவலக எழுத்தராயிருந்த ஐயன் ஆலன் என்னும் இளைஞர், எஞ்சின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்கு விடை எழுதிச் சலித்துப் போனார். எஞ்சின் எண்களைப் பட்டியலாக்கி, 1942இல் சிறு நூலாகத் தாமே வெளியிட்டார். அந்நூலுடன் சிறுவர் கூட்டம் நிலையங்களை மொய்த்தது. பின்னாளில் அந்நாட்டிலேயே அப்பொழுதுபோக்கு கேலிப்பொருளாயிற்று. ஆயினும், 1968இல் அங்கே நீராவி எஞ்சின்கள் பணி நீங்கியபின், வேல்ஸ் நாட்டுப் பாரி நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 200க்கும் மேற்பட்ட எஞ்சின்களை மீட்டவர்கள் பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர்களே.

நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆவடி நிலையத்தில் எண்களைக் குறித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கல்லூரி நாட்களில் யாருக்கும் சொன்னதில்லை. கிரிக்கெட் ஓட்டக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பவனை அறிவாளி என்பார்கள். எஞ்சின் எண்ணை ஒப்பிப்பவனைப் பார்த்தாலோ நகைப்பார்கள். இரண்டும் எண்கள்தாமே!

நான் நிற்கும் பாதை சாமானியமானதன்று. 1856 ஜூலை 1 அன்று தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, அம்பத்தூர், ஆவடி ஊர்களின் வழியே வாலாஜா ரோடு சென்றது. இன்று அவ்வழி வரும் மின்சார எஞ்சினின் ஐந்திலக்க எண் 30 எனத் தொடங்கினால், அது பயணிகள் வண்டி இழுக்கும் வகை. 31 என்றால் சரக்கு எஞ்சின். பக்கவாட்டில் அதைப் பராமரிக்கும் பணிமனையின் பெயர் தீட்டப்பட்டிருக்கும்: அரக்கோணம், ஈரோடு. சிலவற்றில், ராயபுரம்.