ஆணையும் கண்சிமிட்டலும்: அமெரிக்க நிறுவன இணக்கத் திட்டங்களின் வரலாறு (1946–2017)

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனங்கள் தம் பணியாளர்க்கு வகுத்த நடத்தை விதிகள் அமெரிக்காவில் எவ்வாறு சட்டத்தின் ஏற்பைப் பெற்றன என்பதையும், அவ்விதிகள் தலைமையின் பொறுப்பை எவ்வளவு தூரம் எட்டின என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக், என்ரான் ஆகிய இரு நிறுவனங்களின் வரலாறு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிறுவன அறநெறி, இணக்கத் திட்டம், நடத்தை விதித்தொகுப்பு, ஆணை 20.5, என்ரான்

முன்னுரை

பெருநிறுவனம் ஒன்றில் முறைகேடு வெளிப்படும்போது, ‘விதி இருந்தது, பணியாளர் மீறினர்’ என்பது நிர்வாகம் கூறும் வழக்கமான விடையாகும். இவ்விடை ஏற்கப்படுமானால் பொறுப்பு மேலிருந்து கீழிறங்கிவிடும். ஆகவே இணக்கத் திட்டங்களின் வரலாறு விதிகளின் வரலாறு மட்டுமன்று. தவற்றின் பொறுப்பு யாரைச் சேரும் என்னும் வினாவின் வரலாறுமாகும்.

ஆணை 20.5

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1946ஆம் ஆண்டில் 20.5 என எண்ணிட்ட ஆணையொன்றைப் பிறப்பித்தது. போட்டி நிறுவனங்களுடன் விலை குறித்து எவ்வகை உடன்பாடும் செய்துகொள்ளலாகாது என்பது அதன் சாரம். மேலாளர்கள் அதனைப் பின்பற்றுவதாகக் கையொப்பமிட்டும் தந்தனர். எனினும் 1950களில் மின்கருவி உற்பத்தியாளர்கள் இரகசியமாகக் கூடி விலையை முடிவுசெய்தனர். முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளிகளையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். குறைந்த விலையைக் கூறும் முறை யாருடையது என்பதைக் காட்ட, ‘நிலவின் பிறை’ எனப் பெயரிட்ட சுழற்சி அட்டவணையொன்றும் அவர்களிடம் இருந்தது.

1961 பிப்ரவரியில் பிலடெல்பியா கூட்டாட்சி நீதிமன்றம் 29 நிறுவனங்களைத் தண்டித்தது. நிர்வாகிகள் எழுவருக்கு 30 நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் தன் ஆணையைச் சுட்டிக்காட்டி, தவறு தனிப்பட்ட பணியாளர்களுடையதே என வாதிட்டது. நீதிபதி கல்லன் கேனி இதனை ஏற்கவில்லை. உண்மையான பழி நிறுவனங்களையும் அவற்றின் கொள்கையை வகுப்போரையுமே சாரும் என்று அவர் கருதினார். அதே ஆண்டில் செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவரின் துணைக்குழு நடத்திய விசாரணையில், ஆணையை எடுத்துரைத்த மேலதிகாரி கூடவே கண்சிமிட்டினார் என்ற சாட்சியம் பதிவாயிற்று. எழுதப்பட்ட விதியைவிட அச்சிமிட்டலே பணியாளர்க்கு விளங்கிய கட்டளையாக இருந்தது. ஆயினும் நிறுவனத்தின் உச்சத்தில் இருந்த தலைவர் மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை.

சட்டத்தின் ஏற்பு

வாட்டர்கேட் விசாரணையைத் தொடர்ந்து 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் ஐயத்துக்குரிய கொடுப்பனவுகளை ஒப்புக்கொண்டன. இதன் விளைவாக, வெளிநாட்டு அலுவலர்க்குக் கையூட்டு வழங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 1977இல் இயற்றப்பட்டது. 1986இல் பாதுகாப்புத் தளவாட நிறுவனங்கள் தமக்கெனப் பொது அறநெறிக் கோட்பாடுகளை வகுத்தன.

1991 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த, நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டு நெறிகளே பெருந்திருப்பமாகும். ஒரு நிறுவனத்தின் குற்றப்பொறுப்பு மதிப்பெண் 5இல் தொடங்கும். பயனுள்ள இணக்கத் திட்டம் இருப்பின் 3 புள்ளிகள் குறையும். அபராதம் அதற்கேற்பத் தாழும். உயர்நிலை நிர்வாகிகளே குற்றத்தில் பங்கேற்றிருப்பின் இச்சலுகை கிடையாது என்றும் விதிக்கப்பட்டது. சலுகையை நாடி நிறுவனங்கள் விதித்தொகுப்புகளை அச்சிட்டன; பயிற்சி வகுப்புகளை நடத்தின; புகாருக்கெனத் தொலைபேசி இணைப்புகளை அமைத்தன.

என்ரானும் அதன் பின்னரும்

என்ரான் நிறுவனம் 2000 ஜூலையில் வழங்கிய அறநெறித் தொகுப்பு 64 பக்கங்களைக் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தலைமை நிதி அலுவலர் தாமே நடத்தும் கூட்டுநிறுவனங்கள் என்ரானுடன் வணிகம் செய்வதற்காக, நலமுரண் விதியிலிருந்து இயக்குநர் குழு அவருக்கு இருமுறை விலக்களித்திருந்தது. இங்கு விதி மறைவில் மீறப்படவில்லை, முறைப்படி ஒதுக்கிவைக்கப்பட்டது. 2001 டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு அளித்தது.

இப்பாடத்தின் சுவட்டை 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டத்தில் காணலாம். மூத்த நிதி அலுவலர்க்கு அறநெறித் தொகுப்பு உண்டா என்பதை நிறுவனம் வெளியிட வேண்டும். அதிலிருந்து விலக்களித்தால் அதனையும் உடனே அறிவிக்க வேண்டும் என அதன் 406ஆம் பிரிவு வகுத்தது. 2004இல் திருத்தப்பட்ட தண்டனை நெறிகள், அறநடத்தையை ஊக்குவிக்கும் நிறுவனப் பண்பாட்டையும் கோரின. 2017இல் அமெரிக்க நீதி அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டு வினாக்களில், மூத்த தலைவர்கள் தம் சொல்லாலும் செயலாலும் முறைகேட்டை ஊக்குவித்தனரா, தடுத்தனரா என்னும் வினா இடம்பெற்றது.

முடிவுரை

1961இல் நீதிபதி கேனி சுட்டிய பொறுப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின்னரே மதிப்பீட்டு வினாவாக உருப்பெற்றது. இடைக்காலத்தில் இணக்கத் திட்டங்கள் எண்ணிக்கையிலும் பக்கங்களிலும் பெருகின. ஆனால் அவை பெரும்பாலும் கீழ்நிலைப் பணியாளரை நோக்கியே பேசின. விதித்தொகுப்பின் இருப்பு மட்டும் அறத்துக்குச் சான்றாகாது. தலைமை அளிக்கும் விலக்குகளும், விதியை எடுத்துரைக்கும்போது அது காட்டும் குறிப்புகளுமே ஒரு திட்டத்தின் உண்மைத்தன்மையை அளக்கும் கருவிகளாகும் என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.