மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927. இந்த ஒரு எண்ணைப் பத்தி ஒரு த்ரெட். பயப்படாதீங்க, கணக்கு கொஞ்சம்தான், கதைதான் நிறைய.

சதுரங்கப் பலகையில முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்து நாலுன்னு ராஜாகிட்ட பரிசு கேட்ட கதை தெரியும்ல? அதுல 64 கட்டம். இன்னும் மூணு சேர்த்து 67 கட்டம் ஆக்கினா மொத்த நெல் இவ்வளவு. அதாவது 2-ஐ 67 முறை பெருக்கி, 1 கழிச்சது.

1644-ல மெர்சென்ங்கிற பிரெஞ்சுப் பாதிரியார், இந்த மாதிரி எண்கள்ல எதெல்லாம் பகா எண்ணுன்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல 67-உம் இருந்துச்சு. 21 இலக்கத்தை யார் உட்கார்ந்து வகுத்துப் பார்க்கிறது? 200 வருஷத்துக்கு மேல யாராலயும் மறுக்க முடியல.

1876-ல எடுவார்ட் லூகாஸ் ஒரு சோதனை கொண்டு வந்தார். எண்ணை உடைக்காமலே அது பகா எண்ணா இல்லையான்னு சொல்லிடும். 67 பகா எண் இல்லைன்னு அதுல தெரிஞ்சது. ஆனா எந்த எண்ணால வகுபடும்? அதை அந்தச் சோதனை சொல்லாது. எங்க பாஷையில, பிளட் ரிப்போர்ட்ல தொற்று இருக்கு, உடம்புல எங்கன்னு தெரியல. அப்படி ஒரு நோயாளியை வார்டுல வச்சிருக்கிற அவஸ்தை எங்களுக்குத் தெரியும். இந்த எண் 27 வருஷம் அந்த நிலைமையில கிடந்தது.

லூகாஸோட முடிவைச் சொல்லாம நகர முடியல. 1891-ல ஒரு விருந்துல தட்டு உடைஞ்சு, ஒரு சில்லு அவர் கன்னத்தைக் கிழிச்சது. சில நாள்ல தொற்று பரவி இறந்துட்டார். வயசு 49. பென்சிலினைக் கண்டுபிடிக்கவே இன்னும் 37 வருஷம் இருந்தது. சின்னக் கீறல்தானேன்னு விடுறவங்க கவனிங்க: சுத்தி சிவந்து வீங்கி காய்ச்சலும் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

சரி, 1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் பேச வேண்டிய முறை. மனுஷன் ஒண்ணும் பேசல. கரும்பலகையில 2-ஐ 67 முறை பெருக்கி 1 கழிச்சார். பக்கத்துல

193707721 × 761838257287

னு எழுதி, நம்ம பள்ளிக்கூடத்துல போடுற மாதிரியே வரிவரியா பெருக்கினார். ரெண்டு விடையும் ஒண்ணு. போய் உட்கார்ந்துட்டார். அரங்கமே கைதட்டுச்சு.

அந்த மௌனக் காட்சியை எழுதி வச்சவர் எரிக் டெம்பிள் பெல். அவர் கதையை ருசியா சொல்றவர், அதனால கொஞ்சம் உப்பு சேர்த்திருக்கலாம். ஆனா பெருக்கல்ல உப்பு சேர்க்க முடியாது. எப்படித் தேடியிருப்பார்னு நினைச்சாதான் மலைப்பா இருக்கு. காரணி எதுவா இருந்தாலும் 134-ஆல வகுத்தா மீதி 1 வரணும், இது முன்னாடியே தெரிஞ்ச விதி. இந்த வடிகட்டியை மட்டும் போட்டா, சரியான எண்ணுக்கு முன்னாடி 14 லட்சத்துக்கு மேல எண்கள் வரிசையில நிக்கும். கோல் இன்னும் நுணுக்கமான வடிகட்டிகளைப் போட்டார். எல்லாம் கையால.

எவ்வளவு நாள் ஆச்சுன்னு பின்னாடி பெல் கேட்டாராம். மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்னு பதில் வந்துச்சாம்.

நீங்களும் பெருக்கிப் பாருங்க. போன் கால்குலேட்டர் பெரும்பாலும் கடைசி இலக்கங்களை முழுங்கிடும், பேப்பர்தான் சரி. நான் போட்டேன். முதல் தடவை எங்கயோ ஒரு மீதியை விட்டுட்டேன்.