விடுபட்ட துடிப்பை வாசித்தவர்கள்

ஈ.சி.ஜி. தாளொன்றைக் கையில் தந்தால் கலைப்பீடத்துக்காரராகிய நாங்கள் என்னத்தைக் கண்டோம்? கட்டத்தாளில் ஏறி இறங்குகிற ஒரு கோடு, அவ்வளவுதான். "இது உங்கட வேலை இல்லை" என்று மருத்துவபீட நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு எங்கட வேலைதானே!

முதலில் கோட்டைப் பார்ப்போம். சின்ன மேடு பீ அலை. சோணையறைகள் தூண்டப்படுவதன் அடையாளம். பின்னால் வரும் கூரான பகுதி கியூ.ஆர்.எஸ்.; அது இதயவறைகளுடையது. பீ அலை தொடங்கி கியூ.ஆர்.எஸ். தொடங்கும் வரையான நேரம், வழமையான வேகத்தில் ஓடும் தாளில் ஐந்து சிறுகட்டங்களை, அதாவது 0.20 செக்கனைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முதலாம் நிலைத் தடை: செய்தி பிந்துகிறது. சில செய்திகள் போய்ச்சேராமலே விட்டால் இரண்டாம் நிலை. ஒன்றுமே போகாவிட்டால் மூன்றாம் நிலை: மேலறையும் கீழறையும் தன்தன் பாட்டில் துடிக்கும்.

இரண்டாம் நிலையில் இரண்டு வகை உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டையும் முதலில் விவரித்தவர்கள் ஈ.சி.ஜி.யை வைத்து அதைச் செய்யவில்லை. ஒல்லாந்து வைத்தியர் வெங்கபாக் 1899இல் நாடியின் பதிவை மட்டும் வைத்தே, இடைவெளி படிப்படியாக நீண்டு, பிறகு ஒரு துடிப்பு விடுபடுவதை விளக்கினார். 1906இல் லிவர்பூல் வைத்தியர் ஜோன் ஹே, கழுத்து நாளத்தினதும் மணிக்கட்டு நாடியினதும் பதிவுகளிலிருந்து மற்ற வகையைக் கண்டார்: இடைவெளி நீளவில்லை, திடீரென்று ஒரு துடிப்பு காணாமல் போனது. அதே ஆண்டு ஜேர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியர் தவாரா சுனாவோ, செய்தி கடந்துபோகும் பாதையையே இதயத் தசைக்குள் காட்டினார்.

அந்நாட்களில் லைடன் நகரில் ஐந்தோவன் உருவாக்கிய ஈ.சி.ஜி. கருவி ஏறத்தாழ 270 கிலோ பாரம்; இயக்க ஐந்து பேர் வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டுதான் மோபிட்ஸ் ஈ.சி.ஜி. பதிவுகளைக் கொண்டு இரண்டு வகைகளையும் முதலாம், இரண்டாம் வகை என்று பிரித்தெழுதினார். இன்றைக்கு இரண்டுக்கும் மோபிட்ஸ் பெயர். முதலாவதுக்கு வெங்கபாக் பெயரும் உண்டு. ஹேயின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இந்தப் பிரிப்பு வெறும் பெயர்ச் சண்டை இல்லை. முதலாம் வகை பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டாம் வகை முன்னறிவிப்பில்லாமல் முழுத்தடையாகலாம். ஆனாலும் நீண்டகாலம் வைத்தியர்களால் தாளில் ஆபத்தை வாசிக்க முடிந்ததே தவிர, அதை நம்பகமாகத் தடுக்க முடியவில்லை. 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி, இதயத் தடையால் அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்த ஆர்ன லார்சனுக்கு சுவீடனில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அவருடைய மனைவி எல்ஸ் மரி விடாமல் நச்சரித்ததால்தான் பொறியியலாளர் எல்ம்க்விஸ்டும் சத்திரசிகிச்சை நிபுணர் செனிங்கும் அதற்கு இறங்கினார்கள். முதல் கருவி சில மணித்தியாலம்தான் ஓடியது. லார்சனோ அவர்கள் இருவருக்கும் பிறகும் உயிரோடிருந்து, 2001இல் 86 வயதில் காலமானார்.

வீட்டில் யாருடையதோ ஈ.சி.ஜி. தாளைக் கண்டால் தீர்ப்புச் சொல்ல நாங்கள் போகமாட்டோம். அது வைத்தியரின் வேலை. ஆனால் அந்த வெற்றிடத்தில் கண் கொஞ்சம் நிற்கும். இல்லாததையும் ஒரு சான்றாக வாசிக்க வேண்டும் என்றுதானே எங்கட வரலாற்று வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள்.